பல டொமைன் கொன்ட்ரோலர்களுக்கு நடுவே பெயர் தேடல்: கிளைகள் உள்ள அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை எட்டரை மணி. கல்முனைக் கிளையில் ஒருவர் கணினியைத் திறந்து பாஸ்வேர்ட் அடிக்கிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது, நிற்கவே இல்லை. மூன்று நிமிடம் போகிறது. "லைன் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு எழுந்து தேத்தண்ணிக்குப் போகிறார். லைனை அளந்து பார்த்தால் அது நன்றாகவே இருக்கும். பிழை வேறிடத்தில்: தன்னை உள்ளே விடவேண்டிய டொமைன் கொன்ட்ரோலர் (நிறுவனக் கணினிகளின் கூட்டமான டொமைனுக்குள் வருவோரின் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சேர்வர்) எங்கே இருக்கிறது என்று அந்தக் கணினி கேட்கிறது, ஆனால் விவரம் தெரியாத ஒருவரிடம் கேட்கிறது.

ஒரே ஒரு சேர்வர் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. இரண்டாவது, மூன்றாவது கொன்ட்ரோலர் வந்தபின்தான் கூடும். ஆகவே இந்த வேலையைப் புதிதாகப் பொறுப்பேற்பவர் முதலில் ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். திரையில் எந்தப் பதில் வந்தாலும், அது சரியா பிழையா என்று பார்ப்பதற்கு முன், "இதைச் சொன்னது எந்தச் சேர்வர்?" என்று பாருங்கள். கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அமைப்பு

விளக்கத்துக்கு ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் மட்டக்களப்பு நகரில். அங்கே எம்டிசி1 (10.10.1.10), எம்டிசி2 (10.10.1.11) என்று இரண்டு டொமைன் கொன்ட்ரோலர்கள். கல்முனையில் ஒன்று, கேடிசி1 (10.10.2.10). அக்கரைப்பற்றில் ஒன்று, ஏடிசி1 (10.10.3.10). நான்கிலும் விண்டோஸ் சேர்வர். நான்கிலும், பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவை இயங்குகிறது. இரண்டு கிளைகளும் விபிஎன் (இன்டர்நெட் மேலே போகும் தனி இணைப்பு) வழியாக மட்டக்களப்புடன் இணைந்திருக்கின்றன.

டொமைனின் பெயர் ஏடி.நிறுவனம்.எல்கே. நிறுவனத்தின் பெயரில் பதிவான .எல்கே முகவரிக்குக் கீழே ஒரு துணைப் பெயரை எடுத்திருக்கிறோம். புதிதாகத் தொடங்குவோர் இப்படியே செய்யுங்கள். பழைய கையேடுகளைப் பார்த்து .லோக்கல் என்று முடியும் பெயர் வைக்க வேண்டாம். ஆப்பிள் கணினிகளும் பல பிரிண்டர்களும் அந்த ஈற்றை மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ் தேடலுக்கு (அருகே உள்ள கருவிகளிடமே கேட்கும் தேடல்) பயன்படுத்துகின்றன. உங்கள் சேர்வரைக் கேளாமலே "அப்படியொரு பெயர் இல்லை" என்று முடிவெடுத்துவிடும். டொமைன் பெயரைப் பிறகு மாற்றுவது மிகப் பெரிய வேலை என்பதால் இதை முதல் நாளே சரியாகச் செய்ய வேண்டும்.

கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கணினி தன் கொன்ட்ரோலரைத் தேடும் விதம்

கல்முனைக் கணினிக்கு கேடிசி1 என்ற பெயர் முன்கூட்டித் தெரியாது. தான் எந்த டொமைனைச் சேர்ந்தது என்பது மட்டுமே தெரியும். அதனால் டிஎன்எஸ்ஸிடம் போய் ஒரு சேவையைக் கேட்கிறது: _எல்டிஏபி._டிசிபி.டிசி._எம்எஸ்டிசிஎஸ்.ஏடி.நிறுவனம்.எல்கே. இதற்குப் பதிலாக வருவது எஸ்ஆர்வி பதிவுகள், அதாவது ஒரு சேவை எந்தச் சேர்வரில் இருக்கிறது என்று சொல்லும் பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் நான்கு விவரம்: முன்னுரிமை எண் (இயல்பாக 0), எடை (100), போர்ட் (389), சேர்வரின் பெயர். நான்கு கொன்ட்ரோலர்கள் இருந்தால் நான்கு பதிவுகள் வரும். இந்தப் பதிவுகளை யாரும் கையால் எழுதுவதில்லை. ஒவ்வொரு கொன்ட்ரோலரிலும் உள்ள நெட்லோகன் சேவைதான் தொடங்கும்போது தன் பெயரைப் பதிந்துகொள்கிறது. பிறகும் இடையிடையே புதுப்பிக்கும்.

முதல் தடவை கணினிக்கு அருகே எது, தொலைவில் எது என்று தெரியாது. கிடைத்த பெயர்களில் ஒன்றைத் தொடுகிறது. எம்டிசி2 அகப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்டிசி2, கேட்டவரின் ஐபி முகவரியைப் பார்க்கிறது. 10.10.2.57. "நீ கல்முனை சைட்டைச் சேர்ந்த ஆள்" என்று சொல்லி அனுப்புகிறது (சைட் என்பது ஓர் இடத்துக் கணினிகளையும் கொன்ட்ரோலரையும் சேர்த்துக் குறிக்கும் பெயர்). கணினி மறுபடி டிஎன்எஸ்ஸிடம் வந்து, இந்தத் தடவை கல்முனை சைட்டுக்கு உரிய கொன்ட்ரோலரை மட்டும் கேட்கிறது. கேடிசி1 கிடைக்கிறது. சைட்டின் பெயரைக் கணினி நினைவில் வைத்துக்கொள்வதால் அடுத்த நாள் நேரே அங்கே போகும்.

இந்த ஓட்டத்தில் மூன்று இடத்தில் அறுந்துபோகலாம். டிஎன்எஸ் முகவரி பிழையாக இருந்தால் முதல் கேள்விக்கே பதில் இல்லை. சப்நெட் (அந்த இடத்தின் ஐபி முகவரித் தொகுதி) பதியப்படாமல் இருந்தால் எம்டிசி2 சைட்டைச் சொல்ல முடியாது. பதிவு பழையதாக இருந்தால் இல்லாத சேர்வரின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

டிஎன்எஸ் முகவரிகளைக் கொடுப்பது

கேள்விப்படும் பிழைகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கல்முனைக் கணினிகளுக்கு முதல் டிஎன்எஸ் 10.10.2.10, இரண்டாவது 10.10.1.10. அக்கரைப்பற்றுக்கு முதல் 10.10.3.10, இரண்டாவது 10.10.1.10. மட்டக்களப்பில் 10.10.1.10, 10.10.1.11. அவ்வளவுதான். மூன்றாவதாக இன்டர்நெட் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையோ 8.8.8.8-ஐயோ போடக்கூடாது. இரண்டாவதாகவும் போடக்கூடாது.

"ஒன்று விழுந்தால் மற்றது தாங்கட்டும்" என்று நினைத்துத்தான் எல்லோரும் அதைப் போடுகிறார்கள். விண்டோஸ் அந்தப் பட்டியலை அப்படிப் பயன்படுத்துவதில்லை. முதல் சேர்வர் ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் பதில் தராவிட்டால் அடுத்ததைக் கேட்கும். கேடிசி1 அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆகும் ஐந்து நிமிடத்தில் கணினி 8.8.8.8-க்குத் தாவிவிடும். அங்கே உங்கள் டொமைனின் உள்பெயர் எதுவும் இல்லை. "இல்லை" என்ற பதில் வரும். "இல்லை" என்பதும் முழுமையான பதில்தான். அது கிடைத்தபின் கணினி வேறு யாரையும் கேட்காது. அந்த "இல்லை"யைச் சிறிது நேரம் நினைவிலும் வைத்திருக்கும். கேடிசி1 எழுந்து வந்த பிறகும் பைல் சேர்வர் திறக்காது, பிரிண்டர் பிடிக்காது. அரை மணியில் தானே சரியாகும். யாருக்கும் காரணம் விளங்காது. அடுத்த கிழமை மறுபடி வரும்.

இந்த முகவரிகளை ஒவ்வொரு கணினியிலும் கையால் அடிக்க வேண்டாம். கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியில் 006 என்ற ஒப்ஷனில் டிஎன்எஸ் முகவரிகளையும், 015-இல் டொமைன் பெயரையும், 003-இல் ரவுட்டர் முகவரியையும் கொடுங்கள். கிளையின் டிஎச்சிபி அந்தக் கிளையின் சேர்வரிலேயே இருக்கட்டும். ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டரில் டிஎச்சிபி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் எது முந்துகிறதோ அதனிடம் கணினி முகவரி வாங்கும். பத்துக் கணினியில் மூன்று மட்டும் 192.168.1 என்று தொடங்கும் முகவரியோடு நிற்பதைக் கண்டால் இதுதான் காரணம்.

அதே ரவுட்டரில் ஐபிவி6-ஐயும் பாருங்கள். ஐபிவி4-இல் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ரவுட்டர் தன்னையே ஐபிவி6 டிஎன்எஸ்ஸாக அறிவித்துக்கொண்டிருந்தால் கேள்விகள் அங்கேயும் போகும். ஐபிகான்ஃபிக் /ஓல் கட்டளையில் டிஎன்எஸ் சேர்வர்கள் என்ற வரியில் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் ரவுட்டரில் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள்.

இனி, கொன்ட்ரோலர்களுக்குக் கொடுக்கவேண்டிய டிஎன்எஸ். எம்டிசி1-க்கு முதலாவது எம்டிசி2, இரண்டாவது தன்னுடைய 127.0.0.1. எம்டிசி2-க்கு முதலாவது எம்டிசி1, இரண்டாவது 127.0.0.1. கேடிசி1-க்கும் ஏடிசி1-க்கும் முதலாவது 10.10.1.10, இரண்டாவது 127.0.0.1. தன்னையே முதலாவதாகப் போட்டால் வேகம் கூடும் என்று தோன்றும். ஆனால் ஒரு கொன்ட்ரோலர் தன்னிடம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், தன் கூட்டாளிகளின் முகவரி மாறியதை அறியாமல் தனித்தீவாகிவிடலாம். மாற்றத்தைக் கொண்டுவர வேண்டியது கூட்டாளி. கூட்டாளியைக் கண்டுபிடிக்கத் தேவையானது அந்த மாற்றம். முதலில் வேறொருவரைக் கேட்கச் சொன்னால் அந்த முடிச்சு விழாது.

கொன்ட்ரோலரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் பயன்படாததை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் இரண்டு முகவரியும் டிஎன்எஸ்ஸில் ஏறும். கணினிகளில் சில, போய்ச் சேர முடியாத முகவரியை வாங்கிக்கொண்டு தவிக்கும்.

சைட்டும் சப்நெட்டும்

ஆக்டிவ் டிரெக்டரி சைட்ஸ் அண்ட் சேர்விசஸ் என்ற கருவியைத் திறந்து மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று மூன்று சைட்டுகளை உருவாக்குங்கள். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். அது டிஎன்எஸ் பெயரின் ஒரு பகுதியாகப் போகிறது. பிறகு 10.10.1.0/24, 10.10.2.0/24, 10.10.3.0/24 என்ற சப்நெட்டுகளை அந்தந்த சைட்டோடு பொருத்துங்கள். கடைசியாக ஒவ்வொரு கொன்ட்ரோலரையும் அதன் சைட்டுக்கு நகர்த்துங்கள். புதிதாகச் சேர்ந்த கொன்ட்ரோலர் தவறான சைட்டில் குந்திக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் குறை.

வைஃபைக்கு என்று பிறகு 10.10.12.0/24 திறந்தால் அதையும் அன்றே பதிய வேண்டும். மறந்தால் அந்த லாப்டொப்புகளுக்கு எந்த சைட்டும் கிடையாது. கல்முனையில் உட்கார்ந்துகொண்டு அக்கரைப்பற்றுச் சேர்வரில் லொகின் செய்யும். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இது மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கும். சைட் தெரியாத முகவரிகள் கொன்ட்ரோலரின் நெட்லோகன் பதிவுக் கோப்பில் எழுதப்படும். மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

சம்மாந்துறையில் சேர்வர் இல்லாத ஒரு சிறு கிளை திறக்கிறீர்களா? அதற்கும் ஒரு சைட் போடலாம். சைட் லிங்க்கில் (இரண்டு சைட்டுகளுக்கு நடுவிலான இணைப்பு அமைப்பில்) கல்முனைக்கான செலவு எண்ணைக் குறைவாக (50) வைத்து, மற்றதை இயல்பான 100-இல் விட்டால், கேடிசி1 தானாகவே சம்மாந்துறைக்கும் தன் பெயரைப் பதிந்துகொள்ளும்.

ஒரு மாற்றம் மூன்று இடத்துக்கும் போய்ச் சேரும் நேரம்

டிஎன்எஸ் மண்டலத்தை (டொமைனின் பெயர்ப் பதிவுத் தொகுப்பை) ஆக்டிவ் டிரெக்டரியோடு (கொன்ட்ரோலர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளத்தோடு) இணைத்த வகையாக உருவாக்குங்கள். அப்போது நான்கு சேர்வரிலும் எழுதலாம். எதில் எழுதினாலும் மற்றவற்றுக்குப் போகும். ஆனால் உடனே போகாது. இதை எண்ணிக்கையாகப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

பைல் சேர்வரின் முகவரியை 10.10.1.20-இலிருந்து 10.10.1.30-க்கு மாற்றுகிறீர்கள். எம்டிசி1-இல் பதிவைத் திருத்தியாயிற்று. ஒரே சைட்டில் உள்ள எம்டிசி2-க்கு 15 வினாடியில் செய்தி போகும். டிரெக்டரிக்குள் வந்துவிட்டாலும், டிஎன்எஸ் சேவை அதை 180 வினாடிக்கு ஒருமுறைதான் எட்டிப்பார்க்கும். ஆக மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கல்முனைக்கோ, சைட் லிங்க்கின் இயல்பான இடைவெளி 180 நிமிடம். மூன்று மணித்தியாலம்! கல்முனையில் செய்த மாற்றம் மட்டக்களப்பு வழியாக அக்கரைப்பற்றுக்குப் போகவேண்டுமென்றால் இரண்டு பாய்ச்சல். மோசமான நேரத்தில் ஆறு மணித்தியாலம் வரை ஆகும். இந்த இடைவெளியை 15 நிமிடமாகக் குறையுங்கள். அதற்குக் கீழே போக அந்தப் பெட்டி விடாது. இன்றைய விபிஎன் இணைப்புகளுக்கு 15 நிமிடம் ஒரு சுமையே இல்லை.

சேர்வர்கள் எல்லாம் புதுப்பதிவை வாங்கினாலும், கணினியின் நினைவில் பழைய முகவரி டிடிஎல் (ஒரு பதிவை நினைவில் வைத்திருக்கும் கால அளவு) முடியும்வரை இருக்கும். கையால் போட்ட பதிவுக்கு அது இயல்பாக 1 மணித்தியாலம். கூட்டிப் பாருங்கள்: 15 + 3 + 60. முகவரி மாற்றத்துக்கு முதல்நாளே அந்தப் பதிவின் டிடிஎல்லை 5 நிமிடமாக்கிவிட்டால், மறுநாள் கூட்டுத்தொகை 23 நிமிடமாகச் சுருங்கும். அவசரமென்றால் எம்டிசி1-இல் ரெப்அட்மின் /சிங்க்ஓல் கட்டளையை ஏ (A), பி (P), இ (e), டி (d) என்ற நான்கு சுவிட்ச்களுடன் ஓட்டுங்கள். இவற்றில் ஏ-உம் பி-உம் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். வெளியே தள்ளச் சொல்வது பிதான்.

வெளியுலகப் பெயர்கள்

உள்ளூர்ப் பெயர்களுக்குச் சேர்வர் தானே பதில் சொல்லும். செய்தித்தளம், வங்கித்தளம் போன்றவற்றுக்கு ஃபோர்வேடர் (தனக்குத் தெரியாத கேள்வியைச் சேர்வர் அனுப்பும் வெளி டிஎன்எஸ்) வேண்டும். இன்டர்நெட் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸும் 8.8.8.8-உம் இருக்கவேண்டிய சரியான இடம் இதுதான்: சேர்வரின் ஃபோர்வேடர் பட்டியல். கணினியில் அல்ல. ஃபோர்வேடர் பட்டியல் சேர்வருக்குச் சேர்வர் தனித்தனி. நான்கிலும் தனியாகப் போட வேண்டும். எம்டிசி1 எம்டிசி2-க்கும், எம்டிசி2 எம்டிசி1-க்கும் ஃபோர்வேட் செய்வதுபோல வைத்தால் தெரியாத பெயர் இரண்டுக்கும் நடுவே பந்தாகிவிடும்.

வேறொரு நிறுவனத்தின் டொமைனோடு இணைந்து வேலை செய்யும்போது கண்டிஷனல் ஃபோர்வேடர் போடுங்கள்: அந்தப் பெயரில் முடியும் கேள்வி அனைத்தும் அவர்களின் சேர்வருக்கு. இதை மட்டும் டிரெக்டரியில் சேமிக்கலாம். நான்கு சேர்வருக்கும் தானே போகும்.

ஃபயர்வாலில் போர்ட் 53-ஐ யுடிபிக்கு மட்டும் திறந்து டிசிபியை (டிஎன்எஸ் கேள்வி போகும் இரண்டாவது வழியை) மறப்பவர்கள் பலர். சிறிய பதில்கள் வரும், பெரியவை வராது. எஸ்ஆர்வி பட்டியல் நீளும்போது பதில் யுடிபியில் அடங்காமல் போனால், கணினி டிசிபியில் மறுபடி கேட்கும். புதுக் கொன்ட்ரோலர் சேர்த்த நாளிலிருந்து பிழை தொடங்கியது என்றால் இதையும் பாருங்கள்.

பிழை பிடிக்கும்போது

தொல்லை உள்ள கணினியிலேயே உட்காருங்கள். சேர்வர் அறையிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

முதலில் ஐபிகான்ஃபிக் /ஓல். டிஎன்எஸ் வரிசையில் நீங்கள் கொடுத்த இரண்டு முகவரியைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது.

அடுத்து என்எஸ்லுக்அப் பைல்1.ஏடி.நிறுவனம்.எல்கே. நான்கு வரி வரும். பலரின் கண் நேரே கடைசி வரிக்குப் போய்விடும். மேலே உள்ள இரண்டு வரியை முதலில் படியுங்கள்: சேர்வர், அதன் முகவரி. பதில் சொன்னவர் அவர்தான். கீழே இருப்பது அவர் சொன்ன பதில். முகவரி 10.10.2.10 என்றில்லாமல் ரவுட்டருடையதாக இருந்தால் கீழ் வரிகளைப் பார்க்கவே தேவையில்லை.

இப்போது நான்கு சேர்வரையும் தனித்தனியே கேளுங்கள். அதே கட்டளையின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு 10.10.1.10 என்று சேர்த்தால் எம்டிசி1-ஐ மட்டும் கேட்கும். நான்கு தடவை, நான்கு முகவரி. மூன்று பேர் 10.10.1.30 என்றும் ஏடிசி1 மட்டும் 10.10.1.20 என்றும் சொன்னால், பழுது டிஎன்எஸ்ஸில் இல்லை. அக்கரைப்பற்றுக்கு நகல் போகவில்லை. ரெப்அட்மின் /ரெப்ல்சம்மரி ஓட்டி எத்தனை நாளாகப் போகவில்லை என்று பாருங்கள். 180 நாளைத் தாண்டிய கொன்ட்ரோலரை மறுபடி இணைக்க வேண்டாம். நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

நால்வரும் ஒரே பதில் சொல்லியும் பிங் பழைய முகவரிக்கே போகிறதா? என்எஸ்லுக்அப் கணினியின் நினைவைப் பார்ப்பதில்லை, ஹோஸ்ட்ஸ் கோப்பையும் (கணினியிலேயே பெயருக்கு முகவரி எழுதிவைக்கும் கோப்பு) பார்ப்பதில்லை. பிங் இரண்டையும் பார்க்கும். ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். எப்போதோ ஒருவர் தற்காலிகமாக எழுதிய ஒரு வரி அங்கே கிடக்கும்.

கொன்ட்ரோலரே கிடைக்கவில்லை என்றால் என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி:ஏடி.நிறுவனம்.எல்கே. விடையில் இரண்டு சைட் பெயர் வரும்: கொன்ட்ரோலரின் சைட், நம்முடைய சைட். இரண்டும் கல்முனை என்றிருக்க வேண்டும். கொன்ட்ரோலரின் சைட் மட்டும் மட்டக்களப்பு என்றால் கேடிசி1 தன் பெயரைப் பதியவில்லை, அல்லது விழுந்து கிடக்கிறது. கேடிசி1-இல் நெட்லோகன் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடத்தில் எஸ்ஆர்வி பதிவுகள் திரும்பி வரும். பிறகு டிசிடயாக் /டெஸ்ட்:டிஎன்எஸ் ஓட்டி உறுதிசெய்யுங்கள்.

பெயர் கிடைக்கிறது, சேர்வரும் கிடைக்கிறது, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால் மணிக்கூட்டைப் பாருங்கள். கணினிக்கும் கொன்ட்ரோலருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் (லொகினைச் சரிபார்க்கும் முறை) மறுக்கும். மதர்போர்ட் பற்றரி இறந்த பழைய கணினிகளில் இது வழக்கம்.

பழைய பதிவுகள் குவியாமலிருக்க ஸ்கவெஞ்சிங்கை இயக்குங்கள். புதுப்பிப்பை ஏற்காத காலம் 7 நாள், ஏற்கும் காலம் 7 நாள் என்ற இயல்பான அளவே போதும். ஒரு சேர்வரில் மட்டும், எம்டிசி1-இல், இயக்கினால் போதுமானது. எல்லாவற்றிலும் இயக்கினால் ஒரு பதிவு காணாமல்போன நாளில் அழித்தது எது என்று தேடவேண்டிவரும். கையால் போட்ட பதிவுகளுக்கு நேரமுத்திரை இல்லை. அவற்றை ஸ்கவெஞ்சிங் தொடாது. இறந்துபோன கொன்ட்ரோலரை டிரெக்டரியிலிருந்து நீக்கியபின் மண்டலத்தின் நேம் சேர்வர் பட்டியலிலும் _எம்எஸ்டிசிஎஸ் பகுதியிலும் அதன் பெயர் மிச்சமிருக்கிறதா என்று கையால் பார்த்து அழியுங்கள்.

கரண்ட் போய் வந்தபின்

நவம்பர், டிசம்பர் மாரியில் இடியும் மழையும் சேர்ந்து வரும்போது தலைமை அலுவலகம் முழுவதும் அணைந்து, யுபிஎஸ்ஸும் இறங்கிவிடும். கரண்ட் வந்ததும் எல்லாச் சுவிட்சையும் ஒன்றாகப் போடாதீர்கள். எம்டிசி1-உம் எம்டிசி2-உம் ஒரே நேரத்தில் எழுந்தால் ஒன்றையொன்று தேடும். டிஎன்எஸ் மண்டலம் டிரெக்டரிக்குள் இருக்கிறது. டிரெக்டரியோ முதல் ஒத்திசைவுக்குக் கூட்டாளியைத் தேடுகிறது. கூட்டாளியின் முகவரி டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. இவெண்ட் வியூவரில் 4013 என்ற எண்ணோடு "டிஎன்எஸ் சேர்வர் காத்திருக்கிறது" என்ற எச்சரிக்கை விழும். இந்தக் காத்திருப்பு நீளலாம். பதறிப்போய் மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் தொடக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சுவிட்ச், ரவுட்டர், விபிஎன். கல்முனையில் கரண்ட் போகாமலிருந்தால் கேடிசி1 உயிரோடிருக்கும்; விபிஎன் முன்கூட்டியே எழுந்துவிட்டால் எம்டிசி1-க்குப் பேச ஓர் ஆள் கிடைப்பார். இதற்காகவே எம்டிசி1-இன் டிஎன்எஸ் பட்டியலில் மூன்றாவதாக 10.10.2.10-ஐயும் சேர்த்துவிடுங்கள். பிறகு எம்டிசி1 மட்டும். அதில் லொகின் செய்து, மணிக்கூடு சரியா என்று பார்த்து, என்எஸ்லுக்அப் பதில் சொல்கிறதா என்று சோதியுங்கள். சொன்னபின் எம்டிசி2. பைல் சேர்வரும் மற்றவையும் அதற்குப் பிறகு. கடைசியாகத்தான் மேசைக் கணினிகள். அவற்றை முதலில் திறக்க விட்டால் "இல்லை" என்ற பதிலை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உங்களை அழைக்கும்.